ஆச்சி ஆச்சியாக இல்லை

முதியோர் இல்லம் ஒன்றின் தாழ்வாரத்தில் நடந்து சென்ற அனுபவம் நம் வாசகர்களுள் பலருக்கும் உண்டு. வரிசையாக நாற்காலிகள். ஒரு மூதாட்டி செபமாலை உருட்டிக் கொண்டிருப்பார். ஒருவர் வாயிற்கதவையே நோக்கியிருப்பார். மற்றொருவர் தலை கவிழ்ந்து அரைத்தூக்கத்தில் இருப்பார். அந்த மூன்றாமவரைக் கண்டதும், “பாவம், வயதாகிவிட்டது, உறங்கட்டும்” என்று காலடி ஓசை எழாமல் கடந்து போவது நம் வழக்கம். அந்த அரைத்தூக்கத்தைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம். அதனைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களுள் நாமும் ஒருவர்.

நம் தந்தையாரின் தமக்கையார் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்த பின்னர், பிள்ளைகள் இல்லாத காரணத்தால், கன்னியர் நடத்தி வரும் இல்லம் ஒன்றில் தம் விருப்பப்படியே சென்று சேர்ந்தார். அங்கே அவருக்கு ‘டீச்சர் ஆச்சி’ என்று பெயர். மாலைச் செபமாலையைத் தொடங்கி வைப்பவர் அவரே; புத்தகம் பாராமல் மன்றாட்டு மாலை முழுவதையும் சொல்லி முடிப்பவரும் அவரே. சமையற்கட்டுக் கணக்கு இரண்டு ரூபாய் இடித்தாலும் இல்லத் தலைவி ஏட்டை அவரிடந்தான் கொண்டு வருவாராம்.

2019ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து, கையில் ஓர் ஓலையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக அவரைக் காணச் சென்றோம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அழைத்தால் விழித்தார், “ஆமா” என்றார், மீண்டும் கண்ணயர்ந்தார். எதைக் கேட்டாலும் “ஆமா” தான். குருத்தோலையைக் கையில் கொடுத்தோம். அது இன்னதென்று அறியாதவர் போலப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அவரைக் குளிப்பாட்டும் பணிப்பெண் கதவருகே நின்றுகொண்டு, “ஆச்சி ரெண்டு நாளா ஆச்சியாவே இல்ல, சார்” என்றாள். நாமோ, “வெயில் காலம் அல்லவா, களைப்பாக இருக்கும், வயதும் ஆயிற்று” என்று அவளுக்கு ஆறுதல் கூறிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க விரைந்தோம்.

செவ்வாய் இரவு அத்தை எழுந்து உட்கார்ந்து, அறைக்குள் ஆடுகள் புகுந்துவிட்டன, விரட்டுங்கள் என்று கூவலானார். தடுக்க வந்தவளை அடித்தாராம். ஒரு மாணவனையும் பிரம்பால் தொடாதவர் என்று ஊரில் பெயரெடுத்தவர் அவர்! இரவுப் பணியில் இருந்தவள் ஒருத்தி. அவள் பொறுப்பில் இருந்த முதியோர் இருபதுக்கும் மேற்பட்டவர். கீழே விழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் பழஞ்சேலையைக் கிழித்து அவருடைய இரு கைகளையும் கட்டிலோடு கட்டி, தூக்க மாத்திரை ஒன்றையும் கொடுத்துப் படுக்க வைத்தனர். புதன் காலையில் அவரை எழுப்பவே இயலவில்லை. பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் அளித்தார். அவஸ்தை கொடுத்தாயிற்று என்று எங்களுக்குச் செய்தி வந்தது. அதன் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் இளைஞர். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர் கட்டி, வயிறு கல்லைப் போல் இருந்தது. மலம் கழித்து ஆறு நாட்களாகியிருந்தன. இரத்தத்தில் உப்புச் சத்தாகிய சோடியம் தாழ்ந்திருந்தது. “சளிக்கு ஏதேனும் மாத்திரை கொடுத்தீர்களா?” என்று வினவினார். கொடுத்திருந்தனர், ஒரு வாரமாக, மூன்று வேளையும். “இது மறதி நோயுமன்று, முதுமையுமன்று. டெலிரியம்” என்றார்.

சொல் நமக்குப் புதிதாகத் தோன்றினும் பொருள் புதிதன்று. கடுங்காய்ச்சலில் பிதற்றுபவரை “ஜன்னி கண்டிருக்கிறது” என்று நம் பாட்டிமார் கூறினரன்றோ? ஏறத்தாழ அதுவே இது. (குழந்தைகளுக்கு வரும் இழுப்பையும் ஜன்னி என்றே சொல்லும் வழக்கம் இருப்பதால், மருத்துவரிடம் பேசும்போது மட்டும் கண்டதை அப்படியே விவரித்துச் சொல்வது நலம்.) இலத்தீன் மொழியில் ‘லீரா’ என்பது ஏர் கீறிய சாலைக் குறிக்கும். சாலை விட்டு விலகி ஓடுவதிலிருந்து பிறந்ததே டெலிரியம் என்னும் சொல். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சுஸ் என்னும் உரோமானியர் தம் மருத்துவ நூலிலேயே இதனை ஆண்டுள்ளார். ஏர் சால் விலகினால் நம் உழவர் என்ன செய்வர்? கொழு எதில் முட்டியது, வேரா கல்லா என்று குனிந்து பார்ப்பர். இந்நோயிலும் அவ்வாறே. மூளை தடம் புரண்டதென்றால் உடம்பில் எங்கோ ஏதோ முட்டியிருக்கிறது.

பாட்டிமார் கண்ட ஜன்னிக்கும் முதியோருக்கு வரும் இதற்கும் முக்கியமான வேற்றுமை ஒன்றுண்டு. அங்கே உடம்பு கொதிக்கும், யாவரும் அறிவர். முதியவருக்கோ நுரையீரலில் சளி கட்டி அழற்சி கண்டிருந்தாலும் காய்ச்சல் அடிக்காமலே போகலாம், இருமலும் இராது. புத்தி தடுமாறுவது ஒன்றே நோயின் முதல் அடையாளமாக வெளிப்படும். அதனை நாம் முதுமை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம்.

டிமென்ஷியா என்னும் மறதி நோய் மெல்ல மெல்ல, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வளர்வது. டெலிரியமோ சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாட்களில் வந்துவிடுவது. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், நள்ளிரவில் கூச்சல் என்று அலையைப் போல் ஏறி இறங்குவது. காலை பத்து மணிக்கு மருத்துவர் வரும்போது பாட்டி நன்றாகப் பேசுவார். “இவருக்கு ஒன்றுமில்லையே” என்று அவரும் போய்விடுவார். கவனம் நிலைகொள்ளாமையே இந்நோயின் உயிர்நாடி. கேட்ட கேள்வியை விடை சொல்லி முடிக்கும் வரை பற்றிக்கொள்ள இயலாது. பாதியில் வேறெங்கோ போய்விடுவார். மறதி நோய் ஏற்கனவே உள்ளவருக்குத்தான் டெலிரியம் மிக எளிதாக வந்து சேர்கிறது என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். “அவருக்குத்தான் முன்பே மறதி ஆயிற்றே” என்னும் ஒரு சொல், மருத்துவரை அழைக்க எழுந்த காலை மீண்டும் உட்கார வைத்துவிடுகிறது.

ஆடுகளைக் கண்டு கூவிய இரவன்று, இல்லம் முழுவதும் விழித்துக்கொண்டது. அதற்கு முந்திய நான்கு நாட்கள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது ஒருவரும் அஞ்சவில்லை. டெலிரியம் இவ்விரு வேடங்களிலும் வருமாம். ஒருவரிடமே மாறி மாறியும் வருமாம். ஆர்ப்பரிக்கும் வகையைக் கண்டு ஓடுகிறோம். அடங்கிக் கிடக்கும் வகையை, “தொந்தரவே இல்லை, தங்கமான ஆச்சி” என்று பாராட்டுகிறோம். இந்த அடங்கிய வகையே முதியோரிடம் பெரிதும் காணப்படுவது. கண்ணில் படாமல் தப்புவதும் அதுவே. சிகிச்சை தாமதப்படுவதால் ஆபத்து கூடுகிறது. படுத்தே கிடப்பவர் உண்பதில்லை, குடிப்பதில்லை, முதுகில் புண் வருகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது. நல்லவராக நடந்துகொள்கிறார் என்று நாம் மகிழ்ந்திருக்கும் வேளையில் உயிர் மெல்லக் கழன்றுகொண்டிருக்கும். இல்லங்களில் பணிபுரிவோர்க்கு இவ்வொன்றையேனும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் ஆவல்.

காரணங்கள் பல. பெரும்பாலானவை மிகச் சாதாரணமானவை என்பதே வியப்பு. நம் அத்தையின் கதையையே எடுத்துக்கொள்வோம். கழிப்பறை தாழ்வாரத்தின் மறுகோடியில். இரவில் எழுந்து போக அச்சம். யாரையும் எழுப்பக் கூச்சம். ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரே தொடுவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தார். அவர் மட்டுமல்லர், அந்த அறையில் இருந்த நால்வரும் அவ்வாறே. பங்குனி வெயிலில் உடம்பு நீரிழந்து நின்றது. மலம் இறுகியது. அந்நிலையில் சளி மாத்திரை. அதில் குளோர்பெனிரமின் என்னும் மருந்து இருந்தது. கடையில் சீட்டின்றிக் கேட்டாலும் எடுத்துத் தரும் எளிய மருந்துதான். இளைஞருக்குச் சற்றுத் தூக்கம் வரும், அவ்வளவே. முதியவருக்கோ அது வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிறுநீரைத் தடுக்கும், புத்தியையும் கலக்கும். இருமல் மருந்துகள் சிலவற்றில் உள்ள டைஃபென்ஹைட்ரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்திற்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடில் ஆகியவையும் இக்குணம் உடையவையே. தூக்க மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயினும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, பல்லாண்டு உட்கொண்டு வரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. நெடுநாள் பழகிய தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதாலும் இதே டெலிரியம் வரக்கூடும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு சென்று, “இவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம்?” என்று கேட்பதே முறை.

சிறுநீர்த் தாரையில் கிருமி, நெஞ்சுச் சளி, தீராத வலி, சர்க்கரை தாழ்தல், இடுப்பெலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, குடிப்பழக்கத்தைத் திடீரென விட்டது — இவையும் காரணங்கள். மூக்குக் கண்ணாடி உடைந்து ஒரு மாதமாகியும் மாற்றித் தராததும், காது கருவிக்கு மின்கலம் வாங்கித் தராததும் கூட இந்நோய்க்கு வழிகோலும் என்றால் நம்புவீர்களா? பார்வையும் செவியும் மங்கிய மூளை, இருட்டறையில் இருக்கும் குழந்தையைப் போன்று தானாகவே உருவங்களைப் படைத்துக்கொள்கிறது.

இனி, பணியாளரைப் பற்றி. நம் இல்லங்களில் முதியோரைத் தொட்டுத் தூக்கி, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டுகின்றவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள். எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்கள். செவிலியர் பயிற்சி இல்லாதவர்கள். அவர்களுக்கு நோய் பற்றிய அறிவில்லை என்று சொல்வது எளிது. நம் அனுபவம் வேறு. ஆச்சி ஆச்சியாக இல்லை என்று அந்தப் பெண் சொன்னாளே, அதைவிடத் துல்லியமாக எந்த மருத்துவ நூல் கூறும்? அவளிடம் இல்லாதவை இரண்டு: தான் கண்டதற்கு ஒரு பெயர், தான் சொல்வதைக் கேட்க ஒரு செவி. அவள் பொறுப்பாளரிடமும் சொல்லியிருந்தாள். நம்மிடமும் சொன்னாள். இருவரும் படித்தவர்கள்.

இறந்துபோன தாயோடும் கணவரோடும் பாட்டி பேசத் தொடங்கிவிட்டால், “அழைத்துப் போக வந்திருக்கிறார்கள்” என்று பணியாளர் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றி அருகில் அமர்ந்துவிடுவதும் உண்டு. வேறு சிலர் ஆவி பிடித்துவிட்டது என்பர். செபிக்க வேண்டாம் என்று யார் சொல்வர்? பூசுதல் நோயாளிக்குரிய அருட்சாதனம். அதனைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் குருவை அழைக்க ஒருவர் ஓடும்போதே மருத்துவரை அழைக்க மற்றொருவர் ஓட வேண்டும். நாங்கள் அந்தப் புதன்கிழமை மூன்று மணி நேரத்தை இழந்தோம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், முதியோர் இல்லப் பணியாளர்க்கெனவே ‘ஸ்டாப் டெலிரியம்’ என்றொரு பயிற்சித் திட்டத்தை வகுத்து, ஆறு இல்லங்களில் நடத்திப் பார்த்து 2011இல் வெளியிட்டனர். பெரிய விரிவுரைகள் இல்லை; வேலைக்கு இடையே சிறு சிறு வகுப்புகள், அந்தந்த இல்லத்துப் பணியாளரே கூடிப் பேசித் தீர்வு காணும் குழுக்கள். இல்லங்களில் இத்தகைய முயற்சிகள் நோயை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் போதிய அளவு திரளவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனைகளில் சான்று உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஷாரன் இனூயி என்னும் அம்மையார், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது. தனிக் கவனிப்புப் பெற்றவர்களில் வந்தது 9.9 விழுக்காட்டினருக்கே. அந்தத் தனிக் கவனிப்பு யாது? புதிய மருந்து எதுவுமில்லை. தண்ணீர் குடிக்க வைத்தல், கைபிடித்து நடக்க வைத்தல், கண்ணாடியும் காது கருவியும் மாட்டிவிடுதல், நாளும் கிழமையும் நினைவூட்டிப் பேசுதல், இரவில் மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பானமும் முதுகு வருடலும் கொடுத்துத் தூங்கவிடுதல் ஆகியவையே! நம் வீட்டுப் பெண்கள் பாட்டிக்குச் செய்ததைத்தான் அவர்கள் எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

நோயைக் கண்டறியவும் எளிய வழிகள் உள்ளன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உருவாகி 2011 முதல் வழங்கிவரும் ‘ஃபோர் ஏ டி’ என்னும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். விழிப்பாக இருக்கிறாரா, தம் வயது, பிறந்த தேதி, இருக்குமிடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைச் சொல்கிறாரா, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, இம்மாற்றம் திடீரென வந்ததா என்பனவே அதிலுள்ளவை. பிறந்த தேதியையே அறியாத நம் கிராமத்து மூதாட்டியரிடம் இதனை அப்படியே கேட்பது பொருந்தாது. சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். நேற்று வரை சொன்னவர் இன்று தடுமாறினால் அதுவே செய்தி. இவற்றினும் எளிது, உடன் இருப்பவரிடம் கேட்கும் ஒரே கேள்வி: “இவர் வழக்கத்தைவிடக் குழம்பியிருப்பதாக உமக்குத் தோன்றுகிறதா?” ஆம் என்று விடை வந்தால், வேறு காரணம் தெரியும் வரை டெலிரியம் என்றே கொள்ள வேண்டும். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவராயின் சர்க்கரையை அந்த நிமிடமே பார்க்க வேண்டும். எழுப்பினாலும் எழாவிட்டால், அல்லது தலையில் அடிபட்டிருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

கூவுகின்றவரைக் கட்டுவது நோயை மேலும் வளர்க்கும். தம்மைக் கள்வர் பிடித்துவிட்டதாக எண்ணி அவர் மேலும் போராடுவார். ஆடுகள் இல்லையே என்று வாதாடுவதாலும் பயனில்லை. விளக்கை ஏற்றி, அவர் கண்ணுக்கு நேரே அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்து, “நான் இங்கேதான் இருக்கிறேன், ஆச்சி” என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பதே பலன் தரும். அடக்கும் ஊசியும் மாத்திரையும், பெருந்துயரோ ஆபத்தோ நேர்ந்தால் மட்டும், மருத்துவர் சொற்படி, குறைந்த அளவில், சில நாட்களுக்கு. ஒருத்தி இருபது பேரைப் பார்க்கும் இரவில் இதெல்லாம் நடக்குமா என்று பொறுப்பாளர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. அத்தகைய இரவில் வீட்டாரை அழையுங்கள் என்போம். பழகிய முகம் ஒன்று கட்டிலருகே இருந்தால் மாத்திரை செய்யாததைச் செய்யும். எங்களுக்கு அந்தச் செவ்வாய் இரவு தொலைபேசி வந்திருந்தால் போயிருப்போமா என்று பலமுறை நம்மையே கேட்டுக்கொண்டதுண்டு.

வீட்டாருக்கு வேறொரு கடமையும் உண்டு. பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும்போது ஆதார் அட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாளும் கொடுக்கிறோம். அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதிக் கொடுப்பதில்லை. வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவார், எவ்வளவு பேசுவார், எதை மறப்பார், எதை மறக்கவே மாட்டார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கும் மாற்றம் புலப்படும்.

அத்தை பிழைத்தார். நீர் வெளியேறி, மலம் இளகி, உப்பு ஏறி, சளி மாத்திரை நின்ற ஐந்தாம் நாள், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்களன்று, “ஓலையை எங்கே?” என்று கேட்டார். முழுத் தெளிவு வர ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. மன்றாட்டு மாலை மனப்பாடமாக மீளவில்லை. அதன்பின் புத்தகத்தைப் பார்த்தே சொல்லி வந்தார். டெலிரியத்தில் நடந்தது நோயாளிக்கு நினைவிராது என்று நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, “என்னைய எதுக்குல கட்டுனீங்க?” என்று நம்மிடம் கேட்டார். விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இல்லத் தலைவி நல்லவர். இப்போது பகல்வேலைப் பெண்கள் காலையில் வந்ததும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: “நேற்றுப்போல் இல்லாதவர் யார்?” சொல்வதை ஒரு நோட்டில் அவர்களே எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்தபோது அந்த நோட்டைப் பார்த்தோம். டீச்சர் ஆச்சியைக் குளிப்பாட்டிய அதே பெண் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்: “7ஆம் கட்டில் ஆச்சி காப்பி வேண்டாம்னு சொல்லுது. எப்பவும் ரெண்டாவது டம்ளர் கேக்கும்.” அதன் கீழே தலைவியின் கையெழுத்தில், அன்றைய தேதியிட்டு, “மருத்துவர் வந்தார். காய்ச்சல் இல்லை. நெஞ்சில் சளி. ஊசி தொடங்கியது” என்றிருந்தது.